எஃப்-7இன் இரண்டு பாடங்கள்: கல்லீரல் கட்டிகளின் இழையமைப்பு அளவீடு வளர்ந்த வரலாறு

ராபர்ட் கில்லிஸ், பால் கினஹான், ஹெட்விக் ஹ்ரிசாக் ஆகிய மூவர் 2016 பிப்ரவரியில் 'ரேடியாலஜி' இதழில் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டாமல், மருத்துவப் படங்களை எண்களாக்கி ஆராயும் ரேடியோமிக்ஸ் துறையைப் பற்றி இன்று யாரும் எழுதுவதில்லை. மருத்துவப் படங்கள் படம் என்ற நிலையைத் தாண்டித் தரவாகவும் இருக்கின்றன என்பது அதன் தலைப்பிலேயே உள்ள கொள்கை. அக்கட்டுரையின் இரண்டு கூற்றுகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்று வரலாறு பற்றியது. ரேடியோமிக்ஸ் என்பது கணினி உதவியால் நோய் கண்டறியும் 'கேட்' முறையிலிருந்து வேறுபட்டதாயினும் அதன் இயல்பான நீட்சியே என்கிறார்கள். மற்றது அடிப்படை பற்றியது. நோயின் உள்ளியக்கத்தைக் காட்டும் தகவல் படத்துக்குள் பொதிந்திருக்கிறது, அதை எண்ணாக மாற்றித் தோண்டி எடுக்கலாம் என்கிறார்கள். கல்லீரல் கட்டிகளை எம்.ஆர்.ஐ. படத்தின் இழையமைப்பைக் கொண்டு வகைபிரிக்கும் துறையை மட்டும் எடுத்துக்கொண்டால் முதற்கூற்று வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. இரண்டாவது, அந்த எண்களை உண்டாக்கும் சூத்திரங்களின் பாடத்தைப் பாராமல் சொல்லப்பட்டிருக்கிறது. இதை நிறுவ ஒரே ஒரு சூத்திரத்தின் பாடபேதத்தை இங்கே விரிவாக ஆராய்கிறேன்.

நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. புற்றுகளை வகைபிரித்து எண்ணும் வழக்கம் இந்த மண்ணில் பழையது. நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையின் டாக்டர் பென்டால் 1908இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்து எழுதினார். அதே ஆண்டில் அதே இதழில் டாக்டர் ஃபெல்ஸ் 209 வாய்ப்புற்று அறுவைகளை ஆராய்ந்தார். 1933இல் டாக்டர் ஐ. எம். ஓர் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். வாய்ப்புற்று கண்ணால் கண்டும் விரலால் தொட்டும் அறியக்கூடியது. கல்லீரலுக்குள் இருக்கும் கட்டி எந்த வகை என்று வயிற்றைத் திறக்காமல் சொல்ல அன்று வழியில்லை.

வழி தேடியவர்கள் முதலில் கையில் எடுத்த பொருளும் நம் கடற்கரையோடு தொடர்புடையது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அன்று அதில் வேண்டப்பட்டது காஸ் விளக்கு வலைக்கான தோரியம். 1930களில் தோரியம் டைஆக்சைடு 'தோரோட்ராஸ்ட்' என்ற பெயரில், எக்ஸ்ரேயில் கல்லீரலைத் துலக்கிக் காட்டும் மருந்தாக நோயாளிகளின் ரத்தத்தில் ஏற்றப்பட்டது. அது உடலைவிட்டு நீங்காமல் கல்லீரலிலேயே தங்கி, பல பத்தாண்டுகள் கழித்து ஆஞ்சியோசார்கோமா போன்ற கொடிய கட்டிகளை உண்டாக்கியது. கட்டியைக் காணக் கொடுத்த மருந்தே கட்டியைத் தந்தது. நம் மணலில் இருந்து போன தோரியம் அந்தக் குப்பிகளில் இருந்தது என்று ஆவணத்தைக் காட்டி நிறுவ இயலாது. பிரேசிலும் திருவிதாங்கூரும் அன்று உலகின் முதன்மை மோனசைட் வளங்களாக இருந்தன என்பதால் இருந்திருக்கக்கூடும் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். இன்று எம்.ஆர்.ஐ.யில் கல்லீரலைத் துலக்கிக் காட்டும் கடோலினியமும் மோனசைட்டில் சிறிதளவு உள்ள அருமண் தனிமமே.

இனி இழையமைப்புக்கு வருவோம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருநிற இல்மனைட்டும் சிவந்த கார்னெட்டும் வெண்மணலும் கலந்து கிடக்கும். நூற்றுக்கு எத்தனை மணி கருப்பு என்று எண்ணுவது ஒரு கணக்கு. கருப்பு மணிக்கு அடுத்து எத்தனை முறை சிவப்பு வருகிறது என்று எண்ணுவது வேறொரு கணக்கு. அலை வரிவரியாகப் பிரித்துவைத்த மணலிலும், கையால் கலக்கிவிட்ட அதே மணலிலும் முதற்கணக்கு மாறாது, இரண்டாவது மாறிவிடும். அந்த இரண்டாவது கணக்குதான் இரண்டாம்படிப் புள்ளியியல். படத்தின் ஒவ்வொரு புள்ளியின் சாம்பல் அளவையும் அதன் பக்கத்துப் புள்ளியின் சாம்பல் அளவோடு இணைத்து எண்ணிக் கட்டம் கட்டினால் கிடைப்பது சாம்பல்நிலை உடன்நிகழ்வு அணி.

இந்தச் சிந்தனைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் பேலா யூலெஸ் 1962இல் தொடங்கிய கண்பார்வை ஆய்வு ஒன்று. இரண்டு இழையமைப்புகள் இரண்டாம்படிப் புள்ளியியலில் ஒத்திருந்தால் மனிதக் கண் அவற்றைச் சட்டென்று பிரித்தறியாது என்பது அவருடைய கருதுகோள். மற்றது 1973இல் ராபர்ட் ஹாராலிக், கே. சண்முகம், இட்ஷாக் டின்ஸ்டீன் மூவரும் ஐ.இ.இ.இ. அமைப்பின் இதழில் வெளியிட்ட கட்டுரை. சண்முகத்தின் பெயர் தமிழ் வாசகர் கண்ணுக்குத் தப்பாது. நம் மின்னணுப் பொறியியல் மாணவர்கள் நெடுங்காலம் படித்த தகவல்தொடர்புப் பாடநூல் ஒன்றின் ஆசிரியரும் அவரே. உடன்நிகழ்வு அணியிலிருந்து பெறும் 14 அளவைகளை அக்கட்டுரை வரையறுத்தது. சோதித்த படங்களில் நோயாளி எவரும் இல்லை. ஐந்து வகை மணற்பாறைகளை உருப்பெருக்கியில் எடுத்த படங்கள், வானிலிருந்து எடுத்த நிலப்படங்கள், செயற்கைக்கோள் படங்கள் ஆகிய மூன்றிலும் முறையே 89, 82, 83 விழுக்காடு சரியாகப் பிரித்ததாக முடிவு சொன்னார்கள். இந்த இரண்டு ஊற்றுகளும் எந்த ஆண்டில் கலந்தன என்று திட்டமாகச் சொல்லத் துணியமாட்டேன். 1970களின் முடிவுக்குள் கலந்துவிட்டன என்பதே என் துணிபு.

கில்லிஸ் குழுவினரின் வரலாற்றை மறுப்பதற்கு அடுத்த கட்டம் முக்கியம். ஸ்காட்லாந்தில் ஆர். ஏ. லெர்ஸ்கியும் உடன் பணிபுரிந்தவர்களும் 1979இலேயே கல்லீரல் முழுதும் பரவிய நோய்களில் அல்ட்ராசவுண்ட் அலைகளைக் கணினியால் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதே லெர்ஸ்கிதான் 1993இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலரோடு சேர்ந்து, எம்.ஆர்.ஐ. படங்களின் இழையமைப்பைக் கொண்டு திசுக்களை இனங்காணும் வழியை 'மேக்னடிக் ரெசனன்ஸ் இமேஜிங்' இதழில் வகுத்துக் காட்டினார். அதிலிருந்து ஐரோப்பிய நாடுகளின் காஸ்ட் பி-11 கூட்டுத் திட்டம் வந்தது. போலந்தின் வூச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான 'மாஸ்டா' மென்பொருள் அந்தத் திட்டத்தினூடே ஐரோப்பா எங்கும் பரவியது. செக் நாட்டின் யிராக் குழுவினர் 2002இல் மனிதக் கல்லீரலின் எம்.ஆர்.ஐ. இழையமைப்பை ஆராய்ந்தனர். 2010இல் மேயர்ஹோஃபர் குழுவினர் 3 டெஸ்லா படங்களில் நீர்க்கட்டியையும் ஹெமாஞ்சியோமா என்னும் ரத்தநாளக் கட்டியையும் பிரித்துப் பார்த்தனர்.

கேட் முறையோ 1980களின் நடுவில் சிகாகோவில் மார்பக, மார்பு எக்ஸ்ரேக்களை மையமாகக் கொண்டு வளர்ந்தது. இங்கே சந்தேகப்படும்படி ஒன்று இருக்கிறது, பாருங்கள் என்று மருத்துவருக்குச் சுட்டிக்காட்டுவது அதன் நோக்கம். கல்லீரல் இழையமைப்பு ஆய்வில் அந்தக் கேள்வியே எழவில்லை. கட்டி இருப்பது தெரியும். எந்த இனம் என்பதுதான் கேள்வி. எலும்புக் கட்டிகளை வகைபிரிக்க 1963இல் லாட்விக் செய்த முயற்சியைக் கேட் முறையின் முன்னோடியாகக் கொண்டால் என் வாதம் சற்றுத் தளரும் என்பதை ஒப்புகிறேன். ஆனால் லாட்விக் எண்ணாக்கியது மருத்துவர் கண்ணால் கண்டு எழுதிய இயல்புகளை, படப்புள்ளிகளை அன்று. 'ரேடியோமிக்ஸ்' என்ற பெயர் பிறந்த ஆண்டை 2010 என்பாரும், லாம்பின் கட்டுரையைக் கொண்டு 2012 என்பாரும் உண்டு. எதைக் கொண்டாலும், பெயர் வைப்பதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே கல்லீரலில் வேலை நடந்திருக்கிறது.

வரலாற்றைத் திருத்துவதால் என்ன பயன் என்று கேட்கலாம். மணற்பாறைக்கும் நிலப்படத்துக்கும் வகுத்த சூத்திரங்கள் கைமாறிக் கைமாறி ஈரலுக்கு வந்தன என்று தெரிந்தால்தான், கைமாறும்போது என்ன நேர்ந்தது என்று கேட்கத் தோன்றும். கேட் முறையின் பிள்ளை என்று கொண்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

ஹாராலிக் கட்டுரையின் பின்னிணைப்பில் 14 அளவைகளும் எஃப்-1 முதல் எஃப்-14 வரை வரிசையாக உள்ளன. ஆறாவது, அண்டைப் புள்ளிகள் இரண்டின் சாம்பல் அளவுகளைக் கூட்டினால் வரும் தொகையின் சராசரி. எட்டாவது, அத்தொகையின் எண்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஏழாவது, அதே தொகையின் விலக்க வர்க்கச் சராசரி. ஒரு தொகுதியின் விலக்கத்தை அதன் சராசரியிலிருந்து அளப்பதுதான் பள்ளிக்கூடத்திலேயே படித்த முறை. ஆகவே எஃப்-7இல் கழிக்கவேண்டியது எஃப்-6. அச்சில் இருப்பதோ எஃப்-8.

பதிப்பாசிரியர் கண்கொண்டு பார்த்தால் இது பிழைப்பாடம் என்பதில் ஐயம் இல்லை. அகச்சான்று மூன்று. சாம்பல் அளவுகளின் தொகையிலிருந்து ஒழுங்கின்மையின் அளவைக் கழிப்பதற்குப் பொருள் இல்லை. இரண்டும் வேறுவேறு இனத்து அளவுகள். எட்டாவது சூத்திரம் ஏழாவதற்குப் பின்னால்தான் வரையறுக்கப்படுகிறது. மூன்றாவதாக, அந்த அளவைக்கு ஆசிரியர்கள் தந்த பெயரே விலக்க வர்க்கச் சராசரி என்பதுதான். எஃப்-8ஐக் கழித்தால் வருவது அதுவன்று. கல்வெட்டுத் தொடர் ஒன்றின் பொருளை நிறுவக் காந்தளூர்ச்சாலை பற்றித் தனியே நூல் எழுதிய கவிமணி பிறந்த நாட்டில் இத்தகைய ஆய்வுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

புறச்சான்றும் இருக்கிறது. உயிரியல் படங்களை ஆராய லூயிஸ் பெட்ரோ கோயல்யோ எழுதி, 2013இல் கட்டுரையாக அறிமுகப்படுத்திய 'மஹோடாஸ்' என்ற பைத்தான் நிரல்தொகுதியில், ஹாராலிக் கட்டுரையின் சூத்திரம் ஒன்றில் அச்சுப்பிழை உண்டு என்று விளக்கக் குறிப்பே சொல்கிறது. திருத்திய பாடத்தையே தான் பின்பற்றுவதாகவும், பழைய பிழையோடு கணக்கிட வேண்டுமானால் அதற்குத் தனி விசை உண்டு என்றும், வேறொரு மென்பொருளின் விடையோடு ஒத்துப்பார்ப்பதைத் தவிர அந்த விசைக்குப் பயன் இல்லை என்றும் அங்கே எழுதியிருக்கிறது. பிழைப்பாடத்தைக் காத்துவைக்க ஒரு விசை தேவைப்பட்டது என்பதே, அந்தப் பாடத்தோடு கணக்கிட்ட மென்பொருள்கள் வழக்கில் இருந்தன என்பதற்குச் சான்று. இப்பிழையை முதலில் கண்டவர் யார், எந்த ஆண்டில் என்பதை நிறுவ இயலவில்லை. பலர் தனித்தனியே கண்டிருக்கலாம்.

இது அச்சுக்கோப்பவர் செய்த சிறு தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. இயற்கணிதம் தெளிவாகச் சொல்கிறது: பிழைப்பாடம் தரும் விடை, சரியான விடையோடு எஃப்-6க்கும் எஃப்-8க்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம் கூடியது. படத்தை 64 சாம்பல் படிகளாகக் குறைத்துக்கொண்டால், எண்ட்ரோபி இயற்கை மடக்கையில் 5ஐத் தாண்டாது. எஃப்-6 என்பதோ 2இலிருந்து 128 வரை போகும். ஆகவே கூடுதலாகச் சேரும் வர்க்கத்தில் எஃப்-6இன் பங்கே பெரிது. எஃப்-6 என்பது ஏறக்குறைய கட்டியின் சராசரி வெளிச்சத்தின் இரட்டிப்பு. ஓர் எடுத்துக்காட்டு கட்டிப் பார்க்கலாம். இழையமைப்பு முற்றிலும் ஒன்றான இரு கட்டிகளைக் கொள்வோம்: இரண்டிலும் எஃப்-7இன் சரியான மதிப்பு 150, எஃப்-8 என்பது 4. ஒன்று இருண்டது, எஃப்-6 அதில் 40. மற்றது வெளிறியது, எஃப்-6 அதில் 90. திருத்திய பாடத்தில் இரண்டுக்கும் விடை 150தான். பிழைப்பாடத்தில் இருண்டதற்கு 1,446, வெளிறியதற்கு 7,546. ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு, இழையமைப்பில் எள்ளளவும் வேறுபாடு இல்லாதபோது.

இதன் விளைவு மற்ற உறுப்புகளைவிடக் கல்லீரலில் கடுமையானது. கடோக்ஸடேட் என்ற கடோலினிய மருந்தைக் கல்லீரல் செல்கள் உள்ளிழுத்துக்கொள்ளும். செலுத்தி ஏறத்தாழ 20 நிமிடத்துக்குப் பின் எடுக்கும் படத்தில் எஃப்.என்.எச். என்னும் தீங்கற்ற கட்டி பெரும்பாலும் சுற்றியுள்ள ஈரலுக்கு நிகராகவோ கூடுதலாகவோ ஒளிரும். அடினோமா என்னும் மற்றொரு கட்டி பெரும்பாலும் இருண்டு நிற்கும். முன்னதை அப்படியே விட்டுவிடலாம். பின்னதில் ரத்தம் கசியவும் புற்றாக மாறவும் வாய்ப்புண்டு. இவ்விரண்டையும் பிரிப்பதே இழையமைப்பு ஆய்வு விரும்பி எடுத்துக்கொள்ளும் கேள்விகளில் ஒன்று. பிழைப்பாட எஃப்-7 இங்கே அருமையாகப் பிரித்துக்காட்டும். ஆனால் அது பிரிப்பது வெளிச்சத்தை. கண்ணுள்ள எந்த ரேடியாலஜிஸ்டும் ஏற்கெனவே கண்டதை, இழையமைப்பு என்ற பெயரில் எண்ணாகத் திருப்பித் தரும்.

என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு கட்டியின் மிகக் குறைந்த, மிக உயர்ந்த சாம்பல் அளவுகளுக்கு இடையே தனித்தனியே படி பிரிக்கும் வழக்கம் சில ஆய்வுகளில் இருக்கிறது. அப்போது கட்டியின் மொத்த வெளிச்சம் பெரும்பகுதி கழிந்துவிடும்; பாடபேதத்தின் கேடும் குறையும். படம் முழுதுக்கும் ஒரே படிவரிசையை வைக்கும் ஆய்வுகளில்தான் அது முழு உருவோடு நிற்கும். கட்டுரைகள் பலவற்றில் ஹாராலிக் அளவைகள் என்ற பெயர் மட்டும் வருகிறது. எந்தப் பாடம், எத்தனை படி, எந்தப் பிரிப்பு என்பவை வருவதில்லை. ஆகவே எந்த ஆய்வின் முடிவையும் இப்பிழையால் தவறு என்று நான் சொல்லவில்லை. சோதித்துப்பார்க்க இயலாத நிலையில் அவை நிற்கின்றன என்கிறேன். ஓர் அறிவியல் முடிவுக்கு அது சிறிய குறையன்று.

வெளிச்சம் பற்றிய எச்சரிக்கை பழையது. சி.டி.யில் இருப்பதுபோல் எம்.ஆர்.ஐ.யின் சாம்பல் அளவுக்கு நிலையான அலகு கிடையாது. கருவி மாறினால் எண்ணும் மாறும். கொல்வே குழுவினர் 2004இல் இளசும் முற்றியதுமாக 32 மென்பாலாடைக்கட்டித் துண்டுகளை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்து, இழையமைப்பால் அவற்றைப் பிரிக்கும் திறன் படமெடுக்கும் முறையையும் வெளிச்சத்தைச் சமன்செய்யும் முறையையும் எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். கில்லிஸ் குழுவினரும் படமெடுக்கும் முறைகளைச் சீராக்க வேண்டும் என்று எழுதத் தவறவில்லை. அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனால் அவர்கள் கவலை கருவியோடும் கட்டியின் எல்லை வரைவதோடும் நிற்கிறது. சூத்திரத்தின் பாடம் வரை அது இறங்கவில்லை. தரவு படத்துக்குள் கிடக்கிறது என்று தொடங்கியவர்களுக்கு, அந்தத் தரவு பாதி சூத்திரத்தில் பிறக்கிறது என்பது கண்ணில் படாமல் போனது.

கண்ணுக்குத் தெரியாததை இவ்வளவைகள் காண்கின்றன என்ற வழக்கமான கூற்றும் இதோடு சேர்த்து ஆராயத்தக்கது. இங்கே சான்று குறைவு. ஆயினும் என் கருத்து உறுதியானது. யூலெஸ் கருதுகோள் சரியென்றால் கண் இரண்டாம்படி வரை காண்கிறது. ஹாராலிக் அளவைகளும் அந்தப் படியைத் தாண்டவில்லை. கருதுகோள் தவறென்றால், தவறிய திசையைக் கவனிக்க வேண்டும். 1978இல் யூலெஸும் கேலியும் சேர்ந்து கண்ட எதிர்ச்சான்றுகள், இரண்டாம்படியில் ஒத்த இழையமைப்புகளையும் கண் சில சமயம் பிரித்துவிடுகிறது என்று காட்டின. ஆகவே எப்படிப் பார்த்தாலும் இந்த அளவைக் குடும்பம் கண்ணைவிட நுட்பமான இனத்தைச் சேர்ந்ததன்று. இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு: திரையில் கண் பிரித்தறியும் சாம்பல் படிகளைவிடக் கூடுதலான படிகள் மூலக்கோப்பில் இருக்கின்றன. உண்மைதான். ஆனால் கணக்கிடும் முன் மென்பொருள் அவற்றை 16, 32, 64 என்று குறைத்துவிடுகிறதே. மிகுந்திருந்த நுட்பத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறோம்.

உட்ரெக்டின் யான்சன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு துணைநிற்கிறது. 95 நோயாளிகளின் 213 கட்டிகளை அடினோமா, நீர்க்கட்டி, ஹெமாஞ்சியோமா, எச்.சி.சி. என்னும் கல்லீரல் செல் புற்று, பிற உறுப்பிலிருந்து பரவிய புற்று என ஐந்தாகப் பிரிக்க முயன்றார்கள். சாம்பல் பரவல், இழையமைப்பு, மருந்து ஏறி இறங்கும் வேகம், நோயாளியின் அபாயக் காரணிகள் அனைத்தையும் சேர்த்தும் மொத்தச் சரி 77 விழுக்காடு. நீர்க்கட்டிகளில் 93 விழுக்காட்டை இனங்கண்ட முறை, பரவிய புற்றில் 62இல் நின்றுவிட்டது. கண்ணுக்கு எளியது கணக்குக்கும் எளிது, கண் தடுமாறும் இடத்தில் கணக்கும் தடுமாறுகிறது என்று இதைப் படிக்கிறேன். ஓர் ஆய்வை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். செகல் குழுவினர் 2007இல் 28 படஇயல்புகளைக் கொண்டு கல்லீரல் புற்றின் மரபணு வெளிப்பாட்டில் 78 விழுக்காட்டை மீட்டெடுத்ததாகச் சொன்னபோது, அந்த இயல்புகள் சி.டி. படங்களில் ரேடியாலஜிஸ்டுகள் கண்ணால் கண்டு குறித்தவையே என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

பாடத்தைச் செம்மை செய்யும் வேலை 2016இல்தான் முறையாகத் தொடங்கியது. ஐ.பி.எஸ்.ஐ. என்னும் பன்னாட்டு முயற்சியில் 25 ஆய்வுக்குழுக்கள் ஒரே படத்தைக் கணக்கிட்டு விடைகளை ஒப்பிட்டன. 174 அளவைகளில் 169க்கு உடன்பாடு கண்டு 2020இல் 'ரேடியாலஜி' இதழில் வெளியிட்டன. அந்த வரையறையில் எஃப்-7 சராசரியிலிருந்தே அளக்கப்படுகிறது. 1973இன் அச்சுப்பிழைக்கும் ஒருமித்த திருத்தத்துக்கும் நடுவே 47 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. 'பைரேடியோமிக்ஸ்' மென்பொருளோ அந்த அளவையையே விலக்கிவிட்டது. சரியான பாடத்தில் அது வேறோர் அளவையோடு கணிதத்தில் ஒன்றாகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் காரணம்.

ஆசாரிபள்ளம், குலசேகரம் மருத்துவக் கல்லூரிகளிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் ரேடியாலஜி முதுநிலை படிப்போர், எதிர்காலத்தில் இழையமைப்பை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டால் அவர்களிடம் என் வேண்டுகோள் இது: மென்பொருளின் பெயர், பதிப்பு எண், சாம்பல் படிகளின் எண்ணிக்கை, படி பிரித்த முறை, சூத்திரம் எந்த வரையறையைச் சார்ந்தது என்ற ஐந்தையும் ஆய்வேட்டின் முதல் அட்டவணையிலேயே எழுதுங்கள். எஃப்-7ஐப் பயன்படுத்தினால் கட்டியின் சராசரி வெளிச்சத்தையும் அருகே தனி நிரலில் கொடுங்கள். இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் நீங்கள் அளந்தது இழையமைப்பு அன்று.